நுகர்வோர் ஆணைய நோட்டீஸ்: கடைக்காரர்கள் கோட்டைவிடும் 45 நாள்

கேள்வி: வக்கீல் சார், வணக்கம். பாளையங்கோட்டை மகாராஜநகரில் சின்னதாக ஒரு ஃப்ரோசன் யோகர்ட் கடை நடத்துகிறேன். நகையை அடகு வைத்து வண்ணார்பேட்டையில் ஆரம்பித்தேன். போன வருஷம்தான் இங்கே மாற்றினேன். மார்ச் மாதம் ஒரு குடும்பம் பிறந்தநாளுக்கென்று கூட்டமாக வந்தது. சாம்பிள் கப்பிலேயே பிள்ளைகள் வயிற்றை நிரப்பிவிட்டார்கள். எடை போட்டதும், ‘கப் எடையையும் சேர்த்துட்டியளா’ என்று சண்டை. எல்லாவற்றையும் சிரித்த முகமாகத் தாங்கிக்கொண்டேன். மறுநாள் கூகுளில் ஒற்றை ஸ்டார் போட்டு, பிள்ளைக்கு வாந்தி பேதி, ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றினோம் என்று எழுதிவிட்டார்கள். ஏரியா வாட்ஸ்அப் குரூப் முழுக்கப் பரப்பினார்கள். பக்கத்து ஜூஸ் கடைக்காரர் தூண்டிவிட்டிருக்கிறார் என்று நிச்சயமாகத் தெரியும். நானும் விடவில்லை. ‘அன்று கரண்ட் போய் மிஷின் ரெண்டு மணி நேரம் நின்றது உண்மைதான், ஆனால் திரும்ப ஓடவிட்டு நன்றாக இறுகிய பிறகுதான் கொடுத்தோம்’ என்று அதே இடத்தில் பதில் போட்டேன். இன்று வியாபாரம் பாதியாகிவிட்டது. அவர்கள் மேல் மானநஷ்ட வழக்குப் போடலாமா, எவ்வளவு கேட்கலாம்? நுகர்வோர் கோர்ட்டிலிருந்து ஜூன் 4-ம் தேதி ஒரு கட்டுக் காகிதமும் வந்தது. மாமனார் கையெழுத்துப் போட்டு வாங்கி அலமாரியில் வைத்துவிட்டார், நான் 20-ம் தேதிதான் பார்த்தேன். 2 லட்சம் கேட்டிருக்கிறார்கள். ஆள் வைத்துச் சமாதானம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் எனக்கு வேண்டியது கடைசி நாலைந்து வரிதான். சாம்பிள் கப், எடைச் சண்டை, ஜூஸ் கடைக்காரர், வாட்ஸ்அப் குரூப் எல்லாவற்றையும் இப்போதைக்கு மூட்டை கட்டி வையுங்கள். அதில் ஒன்றுகூட உங்களைக் காப்பாற்றாது. தராசில் இந்த வருஷ முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், அது போதும்.

உங்கள் பிரச்சினை அந்தக் கட்டுக் காகிதம். அது வந்து சேர்ந்த தேதி ஜூன் 4. நீங்கள் பிரித்துப் பார்த்த 20-ம் தேதி கணக்கில் வராது. வீட்டில் உள்ள பெரியவர் ஒருவர் கையெழுத்துப் போட்டு வாங்கினால் நீங்களே வாங்கியதாகத்தான் நுகர்வோர் ஆணையம், அதாவது நீங்கள் சொல்லும் நுகர்வோர் கோர்ட், எடுத்துக்கொள்ளும். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 38-வது பிரிவின்படி பதிலுரை, அதாவது புகாருக்கு உங்கள் எழுத்துப்பூர்வ பதில், தாக்கல் செய்ய உங்களுக்கு 30 நாள். காரணம் சொல்லி மனுப் போட்டால் மேற்கொண்டு 15 நாள் வரை ஆணையம் தரலாம். அப்படிப் பார்த்தால் ஜூலை 4 முதல் கெடு, ஜூலை 19 கடைசிக் கெடு. ஜூலை 20 அன்று நீங்கள் என்ன காரணம் சொன்னாலும் பதிலுரையை வாங்க மாட்டார்கள். வாங்க அவர்களுக்கு அதிகாரமே இல்லை. 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் எதிர் ஹில்லி மல்டிபர்பஸ் கோல்ட் ஸ்டோரேஜ் வழக்கில், 45 நாளுக்கு மேல் ஒரு நாள்கூட நீட்டிக்க முடியாது என்று தீர்த்துச் சொல்லிவிட்டது. பழைய சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், புதிய சட்டத்திலும் வாசகம் அதேதான்.

அதே தீர்ப்பில் உங்களுக்கு உதவக்கூடிய ஒரு வரியும் இருக்கிறது. வெறும் நோட்டீஸ் வந்த நாளிலிருந்து அல்ல, புகாரின் நகலும் சேர்ந்து கைக்கு வந்த நாளிலிருந்துதான் கணக்கு ஓடும். ஆகவே கவருக்குள் புகார் நகல் இருந்ததா என்று இன்றே பாருங்கள். நீங்கள் ‘கட்டுக் காகிதம்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் இருந்திருக்கும் என்றே தோன்றுகிறது. அதனால் அந்த வரியை நம்பி உட்கார்ந்துவிட வேண்டாம்.

இப்போது எனக்கு உண்மையிலேயே பயம் தருவது உங்கள் கடைசி வாக்கியம்தான்: ‘ஆள் வைத்துப் பேசிக்கொண்டிருக்கிறோம்.’ நம் ஊர்ப் பக்கம் கடைக்காரர்கள் விழுகிற குழி இதுதான். எதிர்த்தரப்பு தெரிந்தவர், சொந்தக்காரருக்குச் சொந்தக்காரர், பேசினால் முடிந்துவிடும் என்று இருந்துவிடுகிறார்கள். அந்தப் பக்கமும், ‘வழக்கை வாபஸ் வாங்கிடுதோம், நீங்க கோர்ட்டுக்கு அலைய வேண்டாம்’ என்று சொல்வார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்கிறார்கள் என்றுகூட நான் சொல்ல மாட்டேன். ஆனால் தொகையில் பேச்சு முறியும்போது நாள் போயிருக்கும். வள்ளியூர்ப் பக்கம் பேக்கரி வைத்திருந்த ஒருவர் இப்படித்தான் என்னிடம் வந்து சேர்ந்தார். அவர் கையில் நல்ல ஆவணங்கள் இருந்தன, அவர் பக்கம் நியாயமும் இருந்தது. 45 நாள் தாண்டியிருந்ததால் ஒரு காகிதத்தைக்கூட உள்ளே வைக்க முடியவில்லை. எதிர்த்தரப்பின் பிரமாண வாக்குமூலத்தை மட்டும் வைத்து எக்ஸ்பார்ட்டி உத்தரவு, அதாவது இவர் தரப்பைக் கேட்காமலே ஒருதலையான உத்தரவு, போட்டார்கள். சமாதானம் பேசியது, பெரியவர்கள் உட்கார்ந்தது, டீ குடித்தது எதுவும் பதிவேட்டில் கிடையாது.

எக்ஸ்பார்ட்டி ஆனால் என்ன, அதை ரத்து செய்யக் கேட்டு செட் அசைடு மனுப் போட்டுக்கொள்ளலாமே என்று சொல்பவர்கள் உண்டு. சிவில் கோர்ட்டிலேயே பழகிய வக்கீல்கள்கூட சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆர்டர் 9 ரூல் 13 நினைப்பில் இப்படிச் சொல்லிவிடுவார்கள். மாவட்ட ஆணையத்துக்குத் தன் எக்ஸ்பார்ட்டி உத்தரவைத் தானே ரத்து செய்யும் அதிகாரம் இல்லை. உச்ச நீதிமன்றம் இதை 2011-லேயே சொல்லிவிட்டது. புதிய சட்டம் கொடுத்திருப்பது உத்தரவில் கண்ணுக்குத் தெரிகிற பிழையைத் திருத்தும் மறுஆய்வு மட்டும், அதுவும் 30 நாளுக்குள். மற்றபடி மாநில ஆணையத்துக்கு அப்பீல்தான் வழி. நம் பக்கத்துக்கு மதுரை அமர்வு இருக்கிறது. அந்த அப்பீலுக்கு 45 நாள் கெடு. உத்தரவிட்ட தொகையில் பாதியைக் கட்டினால்தான் மனுவையே எடுப்பார்கள். அடகு நகையைத் திருப்பாத நேரத்தில் அந்தப் பாதியை எங்கே போய்ப் புரட்டுவீர்கள்? அப்பீலும் போகாமல், உத்தரவையும் நிறைவேற்றாமல் இருந்தால் 72-வது பிரிவு வரும். ஒரு மாதத்துக்குக் குறையாமல் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாமல் 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இது பயமுறுத்த எழுதும் வரி அல்ல. நுகர்வோர் கோர்ட் என்றால் சும்மா என்று நினைத்த ஆட்கள் வாரண்டோடு நிற்கும் போலீஸைக் கண்ட பிறகு ஓடி வருவதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே சமாதானம் பேசுங்கள், தாராளமாகப் பேசுங்கள். அதோடு பதிலுரையையும் கெடுவுக்குள் தாக்கல் செய்துவிடுங்கள். ஒன்று நடப்பதால் மற்றதை நிறுத்த வேண்டியதில்லை.

சரி, பதிலுரை போட்டால் ஜெயித்துவிடுவீர்களா? கஷ்டம் என்றுதான் நினைக்கிறேன், இதை நேராகவே சொல்லிவிடுகிறேன். யோகர்ட் சாம்பிள் அவர்களிடம் கிடையாது. உருகி, தின்று முடித்த பொருளை லேபுக்கு அனுப்ப முடியாது. பாளையங்கோட்டையிலேயே அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருந்தும் அங்கே போகவில்லை. சாதாரணமாக இது உங்களுக்கு நல்ல வாதம். ஆனால் அந்த வாதத்தை நீங்களே உங்கள் கையால் உடைத்துவிட்டீர்கள். மிஷின் ரெண்டு மணி நேரம் நின்றது, பிறகு இறுக வைத்துக் கொடுத்தோம் என்று ஊரறிய எழுதியிருக்கிறீர்கள். பங்குனி வெயிலில் ரெண்டு மணி நேரம் குளிர் விட்ட பால் பொருளில் கிருமி பெருகும். மறுபடி உறைய வைத்தால் கிருமி சாகாது, தூங்கும். இது எந்த டாக்டரும் கூண்டில் ஏறிச் சொல்லக்கூடிய விஷயம். உங்கள் பதில் சட்டப்படி ஒப்புதல், அவர்கள் அதைக் கட்டாயம் ஸ்கிரீன்ஷாட் எடுத்திருப்பார்கள். இப்போது அழித்தால் சாட்சியத்தை மறைத்தீர்கள் என்றும் சேர்த்துச் சொல்வார்கள். அழிக்க வேண்டாம். அதோடு நிறுத்துங்கள், இனி ஒரு எழுத்தும் போட வேண்டாம். குரூப்பிலும் வேண்டாம், உங்கள் சார்பில் தம்பியோ கடைப் பையனோ எழுதுவதும் வேண்டாம்.

யோகர்ட் மிக்ஸ் கொடுத்த கம்பெனியைக் கை காட்டலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். டப்பாவைப் பிரிக்காமல் அப்படியே விற்றிருந்தால் அது சரி. உங்கள் மிஷினில் ஊற்றி, உங்கள் கடையில் உறைய வைத்து, கப்பில் பிடித்துக் கொடுத்த பொருளுக்கு 86-வது பிரிவு உங்களை வெறும் விற்பனையாளர் என்று தப்பவிடாது. கம்பெனி இன்வாய்ஸை பதிலுரையோடு சேர்த்து வையுங்கள். அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

இன்னொன்று இருக்கிறது, நீங்கள் கேட்காதது. வண்ணார்பேட்டையில் இருந்து மகாராஜநகருக்குக் கடையை மாற்றினீர்களே, உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்றிதழ் எந்த முகவரியில் இருக்கிறது? அது இடத்துக்குக் கொடுப்பது. பழைய முகவரியிலேயே இருந்தால் இப்போதைய கடைக்குப் பதிவு இல்லை என்றுதான் அர்த்தம். பில்லில் அச்சடித்த 14 இலக்கப் பதிவு எண்ணை இணையத்தில் போட்டாலே முகவரி வந்துவிடும், எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அரை நிமிட வேலை. விசாரணை நீண்டால் இதெல்லாம் வெளியே வரும். நுகர்வோர் வழக்கில் ஆரம்பித்தது உணவுப் பாதுகாப்பு அலுவலர் கடைக்குள் வந்து நிற்பதில் முடியும். சுகாதாரமில்லாமல் உணவு தயாரித்தார்கள் என்று நிரூபணமானால் அந்தச் சட்டத்தில் 1 லட்சம் வரை தனியாக அபராதம் உண்டு.

இந்த நிலையில் என் யோசனை, ராஜியாகப் போங்கள். ஆனால் திண்ணைப் பேச்சாக வேண்டாம், ஆணையத்தின் மூலமாக. பதிலுரை போட்ட கையோடு நுகர்வோர் சட்டத்தின் 37-வது பிரிவில் சமரசத்துக்கு அனுப்பும்படி நீங்களே கேளுங்கள். கேட்ட 2 லட்சத்தையும் கொடுக்கச் சொல்லவில்லை, ஆணையமும் அவ்வளவு போடும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆஸ்பத்திரிச் செலவு முழுவதும், அதற்கு மேல் பிள்ளை பட்ட பாட்டுக்கு ஒரு கௌரவமான தொகை. நீங்களே நேரில் போய் பிள்ளை எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மூன்று மாதமாக அந்த வீட்டுக்கு ஒரு போன்கூடப் போகவில்லை என்று உங்கள் கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. பல குடும்பங்கள் கோர்ட்டுக்கு வருவதே அந்த ஒரு வார்த்தை கிடைக்காததால்தான். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். பிள்ளை மைனர் என்பதால் ஆணையத்தின் முன் பதிவாக வேண்டும். விமர்சனத்தை நீக்குவதையும், இனி இது சம்பந்தமாக வேறு எங்கும் உரிமை கோர மாட்டோம் என்பதையும் அதிலேயே சேர்க்க வேண்டும். கையில் ரூபாயைக் கொடுத்துவிட்டு, வாபஸ் வாங்கிவிடுவார்கள் என்று வீட்டில் இருக்காதீர்கள். உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் அவர்கள் புகார் கொடுத்திருந்தால் இந்த ராஜி அந்தத் துறையைக் கட்டாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

மானநஷ்ட வழக்குக்கு வருகிறேன். போடாதீர்கள். பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம், அதன் 356-வது பிரிவில் நல்லெண்ணத்தோடு மற்றவர் நன்மைக்காகச் சொன்ன எச்சரிக்கைக்கு விலக்கு இருக்கிறது. ஆஸ்பத்திரிச் சீட்டு கையில் வைத்திருக்கும் தகப்பனுக்கு அது அப்படியே பொருந்தும். புகார் வந்த பிறகு போடும் மானநஷ்ட வழக்கைப் பழிவாங்கல் என்றுதான் எந்த நீதிபதியும் பார்ப்பார், ராஜிக்கான கதவும் அதோடு மூடிவிடும்.

நோட்டீஸ் வந்த கவர், புகார் நகல், அன்றைய பில், மிக்ஸ் இன்வாய்ஸ், மிஷின் சுத்தம் செய்த குறிப்பு இருந்தால் அது, பதிவுச் சான்றிதழ் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு நாளைக்கே நுகர்வோர் வழக்கு நடத்திப் பழகிய ஒரு வக்கீலைப் பாருங்கள். கவரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், தபால் முத்திரைத் தேதி அதில்தான் இருக்கிறது. சான்றிதழில் முகவரி மாற்றாமல் இருந்தால் மாற்றத்துக்கு இந்த வாரமே விண்ணப்பியுங்கள். மாற்றிவிட்டதாகப் பதிலுரையில் மட்டும் பொய் எழுதிவிடாதீர்கள், அது பிரமாணத்தோடு போகும் காகிதம்.