புது ஆள் வண்டி இரண்டாவதாகப் போகட்டும்

சேற்றுப் பாதை, மலைப் பாதை, நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீல் வண்டி பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகள். பதில் சொல்பவர், போடியிலிருந்து ஏலத் தோட்டங்களுக்குப் பல வருடம் ஜீப் ஓட்டியவர். இப்போது அங்கேயே ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார்.

கேள்வி: புதிதாக மாருதி ஜிம்னி வாங்கினேன். ஒரு குழுவோடு மழைக்காலத்தில் தோப்புப் பாதையில் போனோம். ஏழெட்டு வண்டிகள். எல்லாம் போன பிறகு கடைசியாக என்னை வரச் சொன்னார்கள். பாதி வழியில் வண்டி சேற்றில் இறங்கிவிட்டது. ஒருவர் "மிதிங்க, மிதிங்க" என்கிறார், இன்னொருவர் "ரிவர்ஸ் எடுங்க" என்கிறார், இரண்டு பேர் சிரித்துக்கொண்டே வீடியோ எடுக்கிறார்கள். வீட்டில் "இதெல்லாம் உனக்கு எதுக்கு" என்று கேட்கிறார்கள். நான் தொடர்ந்து ஓட்டலாமா?
— வாசகி, பொள்ளாச்சி

கண்டிப்பாக ஓட்டுங்கள் தங்கச்சி. அந்த இடத்தில் வண்டி நின்றதற்கு நீங்கள் காரணமே இல்லை என்று சொல்லுவேன். உங்களைக் கடைசியில் நிறுத்தினார்களே, தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

சேற்றுப் பாதையில் ஒவ்வொரு வண்டி போகும்போதும் தடம் ஆழமாகிறது. முதல் வண்டிக்குக் கிடைக்கிற பாதை வேறு, எட்டாவது வண்டிக்குக் கிடைக்கிற பாதை வேறு. பெரிய டயர் போட்ட மஹிந்திரா தார் வண்டிகள் நான்கைந்து உழுதுவிட்டுப் போன பிறகு, தரையிலிருந்து 210 மி.மீ. உயரம் உள்ள ஜிம்னி அதே பள்ளத்தில் இறங்கினால் நடுமேடு அடியில் தட்டத்தான் செய்யும். அதோடு ஜிம்னியின் அகலம் 1,645 மி.மீ., தாரின் அகலம் 1,820. அவர்கள் போட்ட தடம் உங்கள் வண்டிக்குப் பொருந்தாது. ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில், மறுபக்கச் சக்கரம் மேட்டில் என்று வண்டி சாய்ந்துதான் போகும். குழுவிலேயே அனுபவம் குறைந்தவரை, உள்ளதிலேயே மோசமான பாதையில் இறக்கிவிட்டிருக்கிறார்கள். புது ஆள் எப்போதும் இரண்டாவது வண்டி. முன்னால் விஷயம் தெரிந்தவர் போவார், அவர் சக்கரம் எங்கே போகிறது என்று பார்த்தே பின்னால் போகலாம். கடைசி வண்டியிலும் விஷயம் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும்.

அடுத்து அந்தக் கத்தல். சைகை காட்டுவது ஒரே ஒரு ஆள்தான். அவர் ஓட்டுநர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி முன்னால், வண்டி பாயாத தூரத்தில் நிற்க வேண்டும். மற்ற எல்லோரும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும்போது மோசமான இடம் வந்தால் எல்லோரும் இறங்கி நடப்பார்கள். கிளீனர் முன்னால் போய் சேற்றில் கால் வைத்துப் பார்ப்பான், பள்ளத்தில் கல் எடுத்துப் போடுவான், பிறகு கையால் மட்டும் வழி காட்டுவான். ஓட்டுவது பதினெட்டு வயதுப் பையனாக இருந்தாலும் யாரும் கேலி செய்ததில்லை. எல்லோரும் வேலைக்குப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

கத்துவதும் சிரிப்பதும் மரியாதைக் குறைவு மட்டும் இல்லை. அது ஆபத்து. சிரிப்புச் சத்தம் கேட்டதும் ஓட்டுகிறவருக்குச் சீக்கிரம் வெளியே வந்துவிட வேண்டும் என்று தோன்றும், ஆக்சிலேட்டரை மிதிப்பார். சக்கரம் ஒரே இடத்தில் சுற்றினால் வண்டி நகராது, குழிதான் தோண்டும். ஆக்சில் மண்ணில் உட்கார்ந்த பிறகு எந்த ஃபோர் வீலும் காப்பாற்றாது. முன்னால் நகரவில்லை என்று தெரிந்த நொடியே காலை எடுங்கள். ஸ்டியரிங்கை நேராக்கி, வந்த தடத்திலேயே மெதுவாகப் பின்னால் வாருங்கள். முதல் முயற்சியிலேயே காலை எடுத்துவிட்டால் பெரும்பாலும் கயிறே தேவைப்படாது.

வீடியோ எடுப்பதற்கு முன் ஓட்டுநரிடம் கேட்க வேண்டும். "வேண்டாம்" என்றால் போனைப் பையில் போட வேண்டும். அதற்கும் ஒத்துக்கொள்ளாத குழுவாக இருந்தால் வேறு குழுவைத் தேடுங்கள். வீட்டில் உள்ளவர்களை ஒரு தடவை பக்கத்து சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிப் போங்கள்.

கேள்வி: சேற்றில் இறங்கும் முன் டயரில் காற்றை எவ்வளவு குறைக்க வேண்டும்?
— வாசகர், திருச்சி

ரோட்டில் 30-ஐ ஒட்டி இருந்தால் சேற்றுக்கு 18 முதல் 20 பி.எஸ்.ஐ. போதும். 15-க்குக் கீழே போகாதீர்கள், வளைவில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். காற்று குறைந்த டயரோடு வேகமும் கூடாது. தார் ரோடு ஏறும் முன் திரும்ப நிரப்ப வேண்டும், அதனால் காற்றடிக்கும் சின்ன மெஷின் வண்டியில் இல்லையென்றால் காற்றைக் குறைக்கவே குறைக்காதீர்கள்.

ஒன்று கூடுதலாகச் சொல்கிறேன். மேலே சேறு ஒரு விரல் ஆழம்தான், அடியில் கெட்டித் தரை என்றால் காற்றைக் குறைக்க அவசியமே இல்லை. பழைய மஹிந்திரா ஜீப்புகளில் 6.00-16 அளவு ஒல்லி டயர்தான் இருந்தது. அது மேல் சேற்றை அறுத்துக்கொண்டு கீழே உள்ள கெட்டி மண்ணைப் பிடித்துவிடும். இறங்கி நடந்து பார்த்தால்தான் அடியில் என்ன இருக்கிறது என்று தெரியும்.

கேள்வி: மலையில் செம்மண் சேற்றில் எல்லாம் ஓட்டியிருக்கிறேன். எங்கள் ஊர்க் கரிசலில், அதுவும் சொந்தக் காட்டுப் பாதையில், ஃபோர் வீல் போட்டும் வண்டி நூறு அடி போகவில்லை. அங்கே வந்த டிராக்டர்காரர் "இந்த மண்ணைப் பத்தித் தெரியாம இறங்கிட்டீங்களே" என்கிறார். எனக்கா தெரியாது?
— வாசகர், கோவில்பட்டி

உங்கள் மண்ணைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. மழை பெய்த கரிசலில் செருப்போடு நடந்தால் நாலு எட்டில் ஒவ்வொரு காலும் கனத்துப்போகும் இல்லையா? டயருக்கும் அதேதான்.

கரிசலில் இருக்கிற களிமண் தண்ணீரைக் குடித்து உப்பும். கோடையில் காய்ந்து பாளம் பாளமாக வெடிப்பதும் அதே குணத்தால்தான். நனைந்தால் டயர் பட்டன்களுக்கு நடுவே போய் அடைத்துக்கொள்ளும். டயர் முழு வழுவழுப்பாகிவிடும், பிறகு எத்தனை சக்கரம் சுற்றினாலும் பிடிமானம் கிடையாது. செம்மண்ணில் சரளை கலந்திருக்கும், தண்ணீர் வடியும், கொஞ்சம் தோண்டினால் கெட்டித் தரை வரும். கரிசலில் தோண்டத் தோண்ட கரிசல்தான்.

மட் டயர் போட்டிருந்தால், அகலமான இடைவெளியில் ஒட்டிய மண்ணை உதற ஓரளவு சக்கர வேகம் வேண்டும். அதனால் 4எல்லில் (நான்கு சக்கரமும் மெதுவாக, பலமாக இழுக்கும் நிலை) முதல் கியர் வேண்டாம், இரண்டாவது கியரில் வைத்து ஒரே சீராக ஓட்டுங்கள். நடுவில் கிளட்ச் மிதிக்கக் கூடாது, கியர் மாற்றக் கூடாது, நிறுத்தக் கூடாது. வண்டி வேகம் குறைவது தெரிந்தால் ஸ்டியரிங்கை இடமும் வலமும் சின்னச் சின்னதாக ஆட்டுங்கள், டயரின் ஓரம் புது மண்ணைக் கடிக்கும். கம்பெனியிலிருந்து வந்த ரோட்டு டயராக இருந்தால் மழைக்கு மறுநாள் கரிசலில் இறங்கவே வேண்டாம். மேல் மண் உலர்ந்து செருப்பில் ஒட்டாமல் ஆகும் வரை பொறுத்திருங்கள்.

டிராக்டர்காரர் பேச்சு உங்களுக்கு வலித்திருக்கிறது. மலையில் பழகியவர் கரிசலில் புது ஆள், கரிசலில் பழகியவர் மலையில் புது ஆள். அவர் மண்ணில் அவர் சொல்வதைக் கேட்பதில் குறைவில்லை. ஆனால் அவரும் அதை வண்டியை வெளியே இழுத்துப் போட்ட பிறகு, டீ குடிக்கும்போது சொல்லியிருக்கலாம்.

கேள்வி: சேற்றில் மாட்டிய நண்பரின் காரை என் ஜீப்பால் இழுத்தோம். இரும்புக் கம்பிக் கயிறு. வேகமாக எடுத்து ஒரு வெட்டு வெட்டியதும் கயிறு அறுந்து என் பின் கண்ணாடியை உடைத்துவிட்டது. தடிமனான கயிறு வாங்கலாமா?
— வாசகர், ஈரோடு

தடிமன் பிரச்சினையே இல்லை தம்பி. கண்ணாடியோடு போனதே பெரிய விஷயம். வேடிக்கை பார்த்தவர் முகத்தில் பட்டிருந்தால் என்ன செய்வீர்கள்?

இரும்புக் கம்பியும் சங்கிலியும் நீளாது. வெட்டி இழுக்கும்போது மொத்த அடியும் கொக்கியிலும் கம்பியிலும் ஒரே கணத்தில் விழும். வெட்டி இழுப்பதற்கென்றே நைலானில் முறுக்கிய கைனடிக் கயிறு இருக்கிறது. அது ஏறக்குறைய 30 சதவீதம் வரை நீண்டு, பிறகு சுருங்கும்போது வண்டியை இதமாக வெளியே எடுக்கும். கயிறு தாங்கும் எடை, வண்டி எடையைப்போல் இரண்டு மூன்று மடங்காவது இருக்க வேண்டும். எங்கே மாட்டுகிறீர்கள் என்பது அதைவிட முக்கியம். டிரெய்லர் மாட்டும் உருண்டைக் கொக்கியில் ஒருநாளும் மாட்டாதீர்கள். அது பிய்ந்து பறந்து ஆள் செத்த சம்பவங்கள் உலகம் முழுக்க நடந்திருக்கின்றன. காரின் டூல் பையில் ஒரு திருகுக் கொக்கி இருக்குமே, அதுவும் நல்ல ரோட்டில் மெதுவாக இழுத்துப் போவதற்கு மட்டும்தான். வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் போல்ட் போட்டிருக்கும் கொக்கியைத் தேடுங்கள். அது இல்லாத வண்டியை வெட்டி இழுக்கவே கூடாது.

கயிறு கட்டும் முன் மண்வெட்டியை எடுங்கள். சக்கரத்துக்கு முன்னால் உள்ள மண்ணையும் அடியில் உட்கார்ந்த மண்ணையும் அரை மணி நேரம் வெட்டிவிட்டால் இழுவைக்குத் தேவையான பலம் வெகுவாகக் குறையும். கனமான துணி ஒன்றைக் கயிற்றின் நடுவில் போடுங்கள். அறுந்தால் கயிறு பறக்கும் வேகம் குறையும். பவானிப் பக்கத்துக்காரர் நீங்கள், வீட்டில் பழைய ஜமுக்காளம் இல்லாமல் இருக்காது, அது ஒன்று வண்டியிலேயே கிடக்கட்டும். நிற்கிறவர்கள் எல்லோரும் கயிற்றின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரம் தள்ளிப் போக வேண்டும். ஒருவர் நகர மறுத்தாலும் இழுக்காதீர்கள்.

மாட்டிக்கொண்டவர் புது ஆள் என்றால், கொக்கியைத் தொடும் முன் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். எங்கே கட்டப் போகிறோம், அவர் எந்த கியரில் இருக்க வேண்டும், என்ன சைகை காட்டினால் நிறுத்த வேண்டும். வண்டி அவருடையது. அவர் "சரி" என்று சொல்லாமல் யாரும் கயிறு மாட்டக் கூடாது. பதட்டத்தில் இருப்பவர் எதற்கும் தலையாட்டுவார், அதனால் சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: என்னிடம் டூ வீல் டிரைவ் தார். குழுவில் சேர்ப்பார்களா?
— வாசகர், மதுரை

முதலிலேயே சொல்லிவிட்டால் சேர்ப்பார்கள். காய்ந்த பாதைக்கும் ஆற்றங்கரைக்கும் தாராளமாகப் போகலாம். சேறு என்றால் பாதையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பாதி வழியில் போய்ச் சொல்வதுதான் மற்றவர்களுக்குச் சிரமம்.

கேள்வி: கோவையைச் சுற்றி மலை அடிவாரத்தில் ஓடைப் பாதைகள் நிறைய இருக்கின்றன. கல்லூரி நண்பர்கள் இரண்டு ஜீப்பில் போகலாம் என்கிறார்கள். யாரிடம் அனுமதி கேட்பது?
— வாசகர், கோவை

அடிவாரத்தில் நீங்கள் பார்க்கிற பாதைகளில் பெரும்பாலானவை காப்புக்காடு, இல்லாவிட்டால் யாராவது ஒருவரின் பட்டா நிலம். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது 1882-ஆம் ஆண்டின் வனச் சட்டப்படியே குற்றம். புலிகள் காப்பகம் என்றால் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். ஓடையைத்தான் யானையும் வழியாக வைத்திருக்கிறது. அங்கே வேண்டாம்.

பட்டா நிலம் என்றால் நேரில் போய்ப் பெரியவரிடம் கேளுங்கள். "ஐயா, இந்த வழியா ரெண்டு வண்டி போய்ட்டு வரட்டுமா" என்றால் பெரும்பாலும் சரி என்பார்கள். வரப்பில் ஏறாதீர்கள். தடம் விழுந்த இடத்தைத் திரும்பும்போது மண்வெட்டியால் சமன் செய்யுங்கள். இல்லையென்றால் அடுத்த மழையில் தண்ணீர் அந்தத் தடத்திலேயே ஓடி, அவர் காட்டு மண்ணை அரித்துக்கொண்டு போகும். ஒரு குழு செய்து வைத்த தடத்தால் அடுத்து வருகிற புதுப் பிள்ளைகளுக்கு வழியே அடைபட்டுப்போன இடங்கள் எங்கள் பக்கம் இருக்கின்றன.

கேள்வி: சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு உள்ளூர் ஜீப்பில் போனோம். எதிரே இறங்கி வந்த ஜீப்புகள் எல்லாம் ஓரமாக நின்று எங்களுக்கு வழி விட்டன. இது பழக்கமா, சட்டமா? நாங்களே மலையில் ஓட்டும்போது இறக்கத்தில் வேறு என்ன கவனிக்க வேண்டும்?
— வாசகி, தேனி

இரண்டும்தான். குறுகலான மலைப் பாதையில் இறங்கும் வண்டி நின்று, ஏறும் வண்டிக்கு வழி விட வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மோட்டார் வாகன ஓட்டுதல் விதிமுறைகளில் இருக்கிறது. ஏறுகிற வண்டி நடுவில் நின்றுவிட்டால் ஈரத்தில் மறுபடி கிளப்புவது கஷ்டம், பின்னால் சரியவும் செய்யும். எதிரே வருகிறவர் திணறுவது தெரிந்தால், விதி உங்கள் பக்கம் இருந்தாலும் நீங்களே ஒதுங்கிக்கொள்ளுங்கள். ஹார்ன் அடித்து அவசரப்படுத்தாதீர்கள்.

சேறான இறக்கத்தில் 4எல்லில் முதல் கியர். கிளட்சிலிருந்து காலை முழுவதுமாக எடுத்துவிடுங்கள், இன்ஜினே பிடித்துக்கொள்ளும். பிரேக்கை அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கும். பின்பக்கம் ஒரு பக்கமாக வழுக்கினால் அது போகிற பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்பி, ஆக்சிலேட்டரை லேசாகத் தொடுங்கள், வண்டி நேராகும். இதை முதலில் சின்னச் சரிவில், பக்கத்தில் பள்ளம் இல்லாத இடத்தில் பழக வேண்டும். தார் ரோட்டுக்கு வந்ததும் ஃபோர் வீலை எடுத்து, இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கும் 2ஹெச்சுக்கு மாற்றுங்கள். ஜிம்னி, தார் மாதிரி வண்டிகளில் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே இரண்டையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் கிடையாது, காய்ந்த ரோட்டில் ஃபோர் வீலோடு திருப்பினால் உள்ளே பல்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும். அப்புறம் மெதுவாகப் போய்க்கொண்டே பிரேக்கை இரண்டு மூன்று தடவை லேசாக மிதித்து ஈரத்தை உலர்த்திவிட்டு வேகம் எடுங்கள்.