கல்யாணத்துக்கு இன்ஷூரன்ஸ்: மூன்று பாலிசிகளில் எதை எடுப்பது?

கேள்வி: மகளுக்கு எட்டு மாதத்தில் கல்யாணம். மண்டபத்துக்கும் சமையலுக்கும் அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. ஏஜென்ட் மூன்று திருமண பாலிசிகளைக் காட்டுகிறார். எதில் பிரீமியம் குறைவு என்பதைத் தவிர வேறு வித்தியாசம் தெரியவில்லை. மாப்பிள்ளையின் பாட்டிக்கு உடல்நிலை சரியில்லை என்பதுதான் பெரிய கவலை. எதை எடுக்கலாம்?

பதில்: அந்த மூன்றையும் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, மண்டபம், சமையல், அலங்காரம், போட்டோ என்று எல்லோருடைய ஒப்பந்தத்தையும் ரசீதையும் எடுங்கள். ரத்து செய்தால் எவ்வளவு திரும்பி வரும், தேதியை மாற்றினால் என்ன பிடிப்பார்கள் என்று ஒவ்வொன்றிலும் பாருங்கள். திரும்ப வராத பணத்தின் கூட்டுத்தொகைதான் நீங்கள் காப்பீடு செய்ய வேண்டிய தொகை. கொடுத்த அட்வான்ஸை மட்டும் கணக்கில் எடுப்பவர்கள் நிறைய. கல்யாண நாள் நெருங்க நெருங்க, ரத்தானாலும் மீதியைக் கட்டியே ஆக வேண்டும் என்று பல ஒப்பந்தங்கள் சொல்லும். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிரீமியத்தைக் குறைக்க இந்தத் தொகையைக் குறைத்துச் சொல்லாதீர்கள். சில பாலிசிகளில் விகிதாசார விதி இருக்கும். 100 பங்கு மதிப்புள்ளதை 50 பங்குக்குக் காப்பீடு செய்து, 20 பங்கு நஷ்டமானால் கைக்கு வருவது 10 பங்குதான்.

இனி பாட்டி விஷயம். ரத்து, ஒத்திவைப்புக்கான பிரிவில் 'யாருக்கு உடல்நிலை மோசமானால்' என்று ஒரு பட்டியல் இருக்கும். மணமக்கள், அவர்களுடைய பெற்றோர், உடன்பிறந்தவர்கள் வரை அநேகமாக இருப்பார்கள். தாத்தா பாட்டி சிலவற்றில் உண்டு, சிலவற்றில் இல்லை. இருந்தாலும் பிரச்சினை தீராது. பாலிசி எடுக்கும்போதே இருந்த நோயால் கல்யாணம் தள்ளிப்போனால் பொதுவாகப் பணம் கிடைக்காது. சில நிறுவனங்கள் மருத்துவரின் கடிதத்தைப் பார்த்து ஏற்றுக்கொள்ளும். 'கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்' என்று மறைத்துவிட்டால், க்ளெய்ம் வரும் நாளில் அதையே காரணம் காட்டி மொத்த பாலிசியையும் செல்லாதது ஆக்கிவிட முடியும். ஆகவே பாட்டியின் நிலையை எழுத்தில் தெரிவித்து, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். 'அதெல்லாம் கவர் ஆகும் சார்' என்று ஏஜென்ட் போனில் சொல்வது பாலிசி ஆகாது.

மணமக்களில் ஒருவர் மனம் மாறினால் எந்த பாலிசியும் உதவாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கையில் பணம் போதவில்லை என்று நிறுத்தினாலும் அப்படித்தான். மழை பெய்தது என்பதற்காகவும் பணம் வராது. மண்டபத்துக்குப் போகவே முடியாதபடி வெள்ளமோ புயலோ வந்தால்தான் பேச்சு. 2020-ல் கொரோனா பரவியபோது பல நிறுவனங்கள் புதிய திருமண பாலிசிகள் விற்பதையே நிறுத்தின. அதன் பிறகு தொற்றுநோயால் ஏற்படும் ரத்தை வெளியே தள்ளும் வாசகம் பல பாலிசிகளில் நிலைத்துவிட்டது. அது உங்களுடையதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பலர் கண்டுகொள்ளாத பிரிவு மூன்றாம் நபர் பொறுப்பு. என் கணக்கில் ரத்துக்கு அடுத்தபடி முக்கியமானது இதுதான். விருந்தாளி வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்டாலோ, உங்கள் ஏற்பாட்டால் மண்டபத்தில் தீ பிடித்தாலோ கேட்கப்படும் இழப்பீட்டுக்கு மேல்வரம்பு கிடையாது. மண்டபத்துக்காரரிடம் இன்ஷூரன்ஸ் இருக்கலாம், ஆனால் அது அவருடைய தவறுக்கு. உங்கள் தவறை அது சுமக்காது. சில மண்டபங்கள் இந்தப் பாலிசி இல்லாமல் சாவியே தராது, அதனால் எவ்வளவு தொகைக்கு வேண்டும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

நகைப் பிரிவில் பெரிய தொகை போட்டிருப்பார்கள். ஒரு நகைக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு உள்ளே இருக்கும். ஆளில்லாத அறையிலோ காரிலோ விட்டுவிட்டு வந்து தொலைந்தால் கிடைக்காது என்றும் பொதுவாக எழுதியிருக்கும். உங்கள் வீட்டுக் காப்பீட்டில், வீட்டுக்கு வெளியிலும் செல்லும்படி நகை ஏற்கெனவே இருந்தால் இதை விட்டுவிடலாம். ஒரே நஷ்டத்துக்கு இரண்டு பக்கமும் முழுத்தொகை வாங்க முடியாது. தனிநபர் விபத்துக் காப்பீடு ஏற்கெனவே போதிய தொகைக்கு இருந்தால், அதுவும் இங்கே வேண்டாம்.

அட்வான்ஸ் வாங்கிய ஒப்பந்தக்காரர் திவாலானால் என்ன ஆகும் என்பது வேறு கேள்வி. சில பாலிசிகள் தரும், பல தராது. சாப்பாடு சரியில்லை, போட்டோ நன்றாக இல்லை என்பதற்கெல்லாம் யாரும் தர மாட்டார்கள்.

பாலிசியை இந்த வாரமே எடுங்கள். எடுப்பதற்கு முன் தெரிந்திருந்த எதற்கும் பொதுவாகப் பணம் வராது என்பதால், தாமதிக்கத் தாமதிக்க நமக்குத்தான் நஷ்டம். அப்புறம், ரொக்கமாகக் கொடுத்த பணத்துக்கெல்லாம் இப்போதே ரசீது கேட்டு வாங்குங்கள். கல்யாணம் நிற்கும்படியோ தள்ளிப்போகும்படியோ ஏதாவது நடந்துவிட்டால், மண்டபத்தை நீங்களாக ரத்து செய்வதற்கு முன் நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். அவர்கள் சம்மதம் இல்லாமல் ரத்து செய்தால் பல பாலிசிகளில் க்ளெய்ம் சிக்கலாகும். தேதியை மாற்றினால் செலவு குறையும் என்றால் அதையே செய்யச் சொல்வார்கள்.

சரி, உங்கள் மூன்றில் எது? பாட்டியைப் பட்டியலில் சேர்த்து, அவர் நோயை எழுத்தில் ஏற்றுக்கொள்ளும் நிறுவனம் ஒன்று இருந்தால், பிரீமியம் கூடுதலானாலும் அதை எடுங்கள். எதுவுமே ஏற்கவில்லை என்றால் பொறுப்புக் காப்பீட்டை மட்டும் நல்ல தொகைக்கு எடுத்துவிட்டு, மண்டபத்துக்காரரிடமும் சமையல்காரரிடமும் ஒரு முறை தேதி மாற்றிக்கொள்ளும் உரிமையை எழுதி வாங்குங்கள். உங்கள் கவலைக்கு அந்தக் காகிதமே அதிகம் பயன்படும்.