மீன் தசைச் செல்களும் வளர்ச்சிக் காரணிகளும்: கேள்வி-பதில்

எல்-15 என்ற செல் வளர்ப்பு ஊடகத்தில் வைத்த டிரவுட் மீன் செல்கள். இரண்டே நாளில் ஊடகம் மஞ்சளாகிவிடுகிறது. தொற்றா?

கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டரில் வைத்திருப்பீர்கள். எல்-15-இல் அமிலத்தை ஈடுகட்டும் பைகார்பனேட் கிடையாது. 5% வாயு பட்டால் அமிலமாகி மஞ்சளாகத்தான் போகும். மூடியை இறுக்கிச் சாதாரணக் காற்றில், 18 டிகிரியில் வையுங்கள். அப்புறமும் மஞ்சளாகி, கூடவே கலங்கினால் தொற்றைப் பற்றிப் பேசலாம்.

ஐஜிஎஃப்-1 (இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி) மி.லி.க்கு 10 நானோகிராம் போட்டேன். ஏகேடி என்ற சமிக்ஞைப் புரதத்தில் பாஸ்பேட் ஏறுவது (பாஸ்பரிலேஷன்) தெரியவில்லை. காரணி கெட்டுவிட்டதா?

எந்த மீன், எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம்? ஒன்றுமே எழுதாமல் காரணியின் மேல் பழி போடுகிறீர்கள். கணக்கைப் பாருங்கள்: ஐஜிஎஃப்-1-இல் 1 நானோமோலார் என்பது மி.லி.க்கு 7.6 நானோகிராம். நீங்கள் போட்டது ஒன்றே கால் நானோமோலார் சொச்சம். மீன் தசைச் செல்களுக்கு வழக்கமாக 10 முதல் 100 நானோமோலார் வரை போடுவார்கள்.

அடுத்து, ஊடகத்தில் சேர்த்த சீரத்தை (இரத்த நீரை) கழுவினீர்களா? அதில் ஐஜிஎஃப்-உம் உண்டு, அதைப் பிடித்து வைக்கும் புரதங்களும் உண்டு. இரண்டு முறை கழுவி, சீரமில்லாத ஊடகத்தில் 4 முதல் 6 மணி நேரம் விடுங்கள். இரவு முழுக்கப் பட்டினி போட்டால் மீனிலிருந்து நேரடியாக எடுத்த முதல்நிலைச் செல்கள் கழன்று மிதக்கும். அந்த ஊடகத்தில் இன்சுலின்-டிரான்ஸ்ஃபெரின்-செலினியம் கலவை இருந்தால் பட்டினியே வீண். மி.லி.க்கு 10 மைக்ரோகிராம் இன்சுலின் என்றால் ஏறத்தாழ 1.7 மைக்ரோமோலார், அது ஐஜிஎஃப் ஏற்பியையே பிடித்துத் தூண்டிவிடும். ஏகேடி ஏற்கெனவே உச்சியில் நிற்கும், நீங்கள் ஏற்ற இடமிருக்காது.

எம்டார் என்ற வளர்ச்சிக் கட்டுப்பாட்டுப் புரதத்தை அடக்கும் ராபமைசின் போட்டால், அதற்குக் கீழே உள்ள எஸ்6 புரதத்தின் பாஸ்பரிலேஷன் குறைகிறது, ஆனால் ஏகேடியுடையது கூடுகிறது. சோதனை தவறா?

இல்லை. எம்டார் கூட்டமைப்பு 1 அடங்கினால், மேலே, ஏற்பியின் சேதியை ஏகேடிக்குக் கடத்தும் ஐஆர்எஸ்-1-ஐ அது அடக்கி வைத்த பிடி விட்டுப்போகிறது, ஏகேடி துள்ளுகிறது. 24 மணி நேரம் விட்டால் கூட்டமைப்பு 2-உம் பாதிக்கப்பட்டு ஏகேடி இறங்கக்கூடும். ஆகவே ராபமைசின் எவ்வளவு நேரம் என்பதை எழுதாமல் வெஸ்டர்ன் பிளாட் படம் (புரதங்களை ஆன்டிபாடியால் பட்டைகளாகக் காட்டுவது) அனுப்பாதீர்கள்.

காரணி போடாத கிண்ணத்திலும் பாஸ்பேட் ஏறிய ஈஆர்கே (இன்னொரு சமிக்ஞைப் புரதம்) பட்டை கறுப்பாக வருகிறது. போட்டதில் ஒன்றரை மடங்குதான். கண்ட்ரோலை விட்டுவிட்டு மற்றதை மட்டும் காட்டலாமா?

கூடாது. எனக்குப் பிடிக்காத பழக்கம் இதுதான். கறுப்பாக இருக்கும் கண்ட்ரோல் ஒரு சேதி சொல்கிறது. அதை வெட்டி எறிந்தால் சேதி போய்விடுமா?

ஈஆர்கே தொட்டாற்சிணுங்கி. புது ஊடகம் ஊற்றினாலே கிளம்பும். பிப்பெட் நுனி கிண்ணத்தின் தரையைக் கீறினால் கீறலை ஒட்டிய செல்களில் கிளம்பும். 18 டிகிரியில் இருந்த கிண்ணத்தை 28 டிகிரி மேசையில் பத்து நிமிடம் வைத்தாலும் அடிப்படை அளவு நகரும். இத்தனையும் செய்துவிட்டு "வளர்ச்சிக் காரணியின் விளைவு" என்று எழுதுகிறார்கள்.

பட்டினிக்குப் பிறகு ஊடகத்தை மாற்றவே மாற்றாதீர்கள். குழியில் 900 மைக்ரோலிட்டர் விட்டு வையுங்கள். பத்து மடங்கு செறிவான காரணியை அதே ஊடகத்தில் கரைத்து, அதே வெப்பநிலைக்குக் கொண்டுவந்து, 100 மைக்ரோலிட்டரைச் சுவரோரமாக வழிய விடுங்கள். கண்ட்ரோலுக்கும் அதே 100, காரணி மட்டும் இல்லாமல், காரணியைக் கரைத்த கரைப்பானும் அல்புமின் புரதமும் அதே அளவில். இதுபோக ஒன்றுமே தொடாத குழி ஒன்றும் வேண்டும். தொடாததும் வெறும் கரைசல் போட்டதும் ஒரே அளவு வந்தால்தான் உங்கள் கை சுத்தம்.

0, 5, 15, 30, 60 நிமிடம் எடுங்கள். நேரத்துக்கு ஒரு சிறு கிண்ணம் தனித்தனியாக. ஒரே தட்டில் வைத்தால் ஒரு குழிக்காக வெளியே எடுக்கும்போதெல்லாம் மற்றவையும் ஆடும். நிறுத்தும்போது கிண்ணம் பனிக்கட்டி மேல், கழுவும் கரைசலும் பனிக்குளிரில். செல்களை உடைக்கும் கரைசலில் 1 மில்லிமோலார் ஆர்த்தோவனடேட், 10 மில்லிமோலார் சோடியம் ஃபுளோரைடு. இவை இல்லாவிட்டால் பாஸ்பேட்டைக் கழற்றும் பாஸ்ஃபடேஸ் நொதி உங்களுக்கு முன்பே வேலையை முடித்துவிடும்.

மனித ஏகேடிக்கான ஆன்டிபாடி மீனில் பிடிக்குமா?

ஏகேடியில் பாஸ்பேட் ஏறும் செரின்-473 பகுதி மனிதனிலும் மீனிலும் நன்கு பேணப்பட்டது, அதற்கான (பாஸ்போ) ஆன்டிபாடி பெரும்பாலும் பிடிக்கும். மொத்த ஏகேடிக்கான ஆன்டிபாடிதான் ஏமாற்றும். முதலில் அதைச் சோதியுங்கள். பாஸ்போ ஆன்டிபாடிக்குத் தடுப்புக் கரைசலாகப் பால் வேண்டாம், 5% அல்புமின் போடுங்கள். பாலில் உள்ள கேசினே பாஸ்பேட் ஏறிய புரதம்.

எஃப்ஜிஎஃப்-2 (இன்னொரு வளர்ச்சிக் காரணி) போட்டால் செல்கள் பெருகுகின்றன, ஆனால் ஒன்று சேர்ந்து தசைக் குழலாகவில்லை.

அது அதன் வேலை. பெருக்கும், முதிர்ச்சியைத் தள்ளிப்போடும். செல்கள் அடர்ந்ததும் அதை முழுதாக நீக்கி, சீரத்தை 2%க்குக் குறையுங்கள். நீக்குவது என்றால் கழுவுவது; பழைய ஊடகத்தில் பாதியை உறிஞ்சிவிட்டுப் புதியது ஊற்றுவதல்ல.