தனித்தனிச் சுமை நிலைகளின் முடிவுகளைக் கூட்டலாமா?

நிலைச்சுமைக்கும் (கட்டடத்தின் சொந்த எடை போன்ற மாறாத சுமை) காற்றுச்சுமைக்கும் தனித்தனியே ஃபைனைட் எலிமென்ட் பகுப்பாய்வு (கட்டமைப்பைச் சிறுசிறு கூறுகளாகப் பிரித்துக் கணினியில் கணக்கிடும் முறை) செய்தபின், முடிவுகளை அப்படியே கூட்டிக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பகுப்பாய்வு நேரியலாக இருந்தால், அதாவது சுமை இரட்டித்தால் விளைவும் இரட்டிக்கும் என்றால், இடப்பெயர்ச்சி, உறுப்பு விசைகள், தகைவின் (ஓரலகுப் பரப்பில் செயல்படும் உள்விசை) கூறுகள் ஆகியவற்றை உரிய காரணியால் (பாதுகாப்புக்காகச் சுமையைப் பெருக்கும் எண்) பெருக்கி, கூட்டல் கழித்தல் குறியோடு சேர்க்கலாம். ஆனால் எல்லாத் திசைத் தகைவுகளையும் ஒரே எண்ணாகச் சுருக்கிக் காட்டும் வான் மீசஸ் தகைவை ஒருபோதும் கூட்டாதீர்கள். ஒரே புள்ளியில், ஒரே திசையில், ஒரு சுமை 100 மெகாபாஸ்கல் இழுவிசைத் தகைவையும் மற்றொன்று 80 மெகாபாஸ்கல் அமுக்கத் தகைவையும் தந்தால் உண்மையான விடை 20. வான் மீசஸ் மதிப்பு குறியை இழந்துவிடுவதால் கூட்டல் 180 என்று காட்டும். கூறுகளை முதலில் சேர்த்து, வான் மீசஸைக் கடைசியில்தான் கணக்கிட வேண்டும்.

காரணிகளிலும் கவனம் தேவை. ஒரு தூணில் நிலைச்சுமை 400 கிலோநியூட்டன் அமுக்கமும் காற்று 300 கிலோநியூட்டன் இழுவிசையும் தருவதாகக் கொள்வோம். நேராகச் சேர்த்தால் 100 அமுக்கம் மிஞ்சும், தூண் பத்திரம் என்றே தோன்றும். ஆனால் கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதித்தொகுப்பான ஐ.எஸ். 456:2000 கூறும் 0.9 மடங்கு நிலைச்சுமை, 1.5 மடங்கு காற்று என்ற சேர்க்கையில் 360 அமுக்கத்துக்கு எதிராக 450 இழுவிசை நிற்பதால், 90 கிலோநியூட்டன் இழுவிசையைத் தூணின் கம்பிகளே தாங்க வேண்டியிருக்கிறது. நிலைச்சுமையைக் கூட்டிக் காட்டுவதே பாதுகாப்பு என்ற எண்ணம் இங்கே ஆபத்தானது.

இழுவிசையை மட்டும் ஏற்கும் குறுக்குத் தாங்கிகள், மேலெழும்பக்கூடிய அடித்தளம், பி-டெல்டா விளைவு (பக்கவாட்டில் நகர்ந்த கட்டமைப்பில் செங்குத்துச் சுமை உண்டாக்கும் கூடுதல் வளைவு) ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், பகுப்பாய்வு நேரியலாக இராது என்பதால், முடிவுகளைக் கூட்டவே கூடாது; சுமைகளை முதலில் சேர்த்து, ஒவ்வொரு சேர்க்கையையும் தனியாகப் பகுப்பாய்வு செய்யுங்கள்.