தீப்பெட்டிகளுக்கு ஆட்டம் கற்பிக்கலாம்

கேள்வி: அரசு நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறேன். ‘இயந்திரம் தானாகக் கற்றுக்கொள்கிறது என்கிறார்களே, அது எப்படி?’ என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். பள்ளியில் போதிய கணினிகள் இல்லை. இதை எப்படி விளக்குவது?
– ஆசிரியை ஒருவர், திருவாரூர் மாவட்டம்

பதில்: கணினியைத் தொடாமலேயே விளக்கலாம், எட்டாம் வகுப்புக்கு அதுவே சிறந்த வழி என்றும் சொல்வேன். 1961-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர் டொனால்ட் மிச்சி, கைவசம் கணினி இல்லாத நிலையில், 304 தீப்பெட்டிகளையும் வண்ண மணிகளையும் கொண்டே டிக் டாக் டோ ஆடக் கற்கும் இயந்திரம் ஒன்றை அமைத்தார். உங்கள் வகுப்புக்கு அத்தனை பெட்டிகள் வேண்டியதில்லை. அமெரிக்கக் கணிதப் புதிர் எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் 1962-இல் அறிமுகப்படுத்திய எளிய ஆட்டத்துக்கு 24 பெட்டிகளே போதும்.

மூன்றுக்கு மூன்று கட்டம். எதிரெதிர் வரிசைகளில் ஆளுக்கு மூன்று சிப்பாய்கள். சதுரங்கத்தைப் போலவே சிப்பாய் நேராக ஒரு கட்டம் நகரும், குறுக்காக வெட்டும். எதிர்வரிசையை எட்டியவரோ, எதிரியின் காய்கள் அனைத்தையும் வெட்டியவரோ, எதிரியை நகர முடியாமல் அடைத்தவரோ வென்றவர். மாணவர் முதலில் ஆட வேண்டும்; தீப்பெட்டிகள் இரண்டாவதாக ஆடும். இயந்திரத்தின் முறை வரும்போது பலகையில் அமையக்கூடிய ஒவ்வொரு நிலையையும் ஒரு பெட்டியின் மேல் வரைந்து, அங்கிருந்து செல்லக்கூடிய நகர்வுகளை வெவ்வேறு வண்ண அம்புகளாகக் குறித்து, அதே வண்ணங்களில் ஒவ்வொரு மணியை உள்ளே போடுங்கள். இடவலமாக மாறிய நிலைகளை ஒன்றாகவே கொள்ளலாம்.

உரிய பெட்டியைக் குலுக்கி, பார்க்காமல் ஒரு மணியை எடுத்து, அதன் வண்ணம் காட்டும் நகர்வைச் செய்ய வேண்டும். இயந்திரம் தோற்றால், அது கடைசியாகச் செய்த நகர்வின் மணியை நிரந்தரமாக நீக்கிவிடுங்கள். பெட்டி காலியாகிவிட்டால் இயந்திரம் தோல்வியை ஒப்புக்கொள்வதாகக் கொண்டு, அதற்கு முந்தைய நகர்வின் மணியை எடுத்துவிடுங்கள். தொடக்கத்தில் கண்டபடி தோற்கும் பெட்டிகள், தவறான நகர்வுகள் ஒவ்வொன்றாக நீங்க நீங்க, வெல்ல முடியாத ஆட்டக்காரராகிவிடும். ஏனெனில் இந்த ஆட்டத்தில் பிழையின்றி ஆடினால் இரண்டாமவருக்கே வெற்றி. வெற்றி தோல்விகளை வரைபடத் தாளில் குறிக்கச் சொன்னால் உங்கள் கணக்குப் பாடமும் கூடவே நடக்கும்.

அடுத்ததாக ஒரு சோதனை செய்யுங்கள். என் கருத்தில் மிக முக்கியமான பகுதி இதுதான். புதிதாக நிரப்பிய பெட்டிகளுடன், எப்போதும் ஓரச் சிப்பாயையே முதலில் நகர்த்தும்படி மாணவர்களிடம் சொல்லி, இயந்திரம் தேறியபின் நடுச் சிப்பாயை நகர்த்தச் சொல்லுங்கள். அந்த நிலைக்குரிய பெட்டியை அதுவரை எவரும் திறந்திருக்க மாட்டார்கள் என்பதால், நன்கு தேறியதாகத் தோன்றிய இயந்திரம் எளிதில் தோற்கக்கூடும். பயிற்சியில் காணாததை இயந்திரம் அறியாது என்பதைப் பிள்ளைகள் கண்ணால் கண்டபின், முகமறியும் மென்பொருள்கள் சிலரிடம் மட்டும் அதிகம் தவறுவது ஏன் என்று கேளுங்கள். விடையை அவர்களே சொல்வார்கள்.