பழைய கொலைகளை அப்படியே காப்பியடிக்கும் கொலைகாரனை நிஜத்தில் போலீஸ் எப்படிப் பிடிக்கும்?

ராமநாதபுரம் பக்கம் வக்கீல் தொழில் பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். இங்கே துப்பறிவது எஸ்.பி. அமைக்கிற தனிப்படைதான். ஒரு இன்ஸ்பெக்டர், ஓரிரு எஸ்.ஐ., சில ஏட்டுகள், செல்போன் டவர் விவரம், சிசிடிவி. சுவரில் போட்டோ ஒட்டிச் சிவப்பு நூல் கட்டுவதெல்லாம் சினிமாவோடு சரி. இப்படி ஒருவன் கிளம்பினால் அவர்கள் கையில் சீக்கிரமே மாட்டுவான் என்றுதான் நினைக்கிறேன். தண்டனை வாங்கிக் கொடுப்பதுதான் பெரும்பாடு.

எங்கள் பக்கத்தைத் தொட்ட வழக்கையே எடுத்துக்கொள்வோம். 1952 ஆகஸ்டில் சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரும் போட் மெயிலில் ஒரு டிரங்குப் பெட்டி. மானாமதுரை வருவதற்குள் நாற்றம் தாங்கவில்லை. திறந்தால் தலையில்லாத உடல். (மானாமதுரை அன்று ராமநாதபுரம் ஜில்லாதான்.) தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. அதுதான் ஆளவந்தார் என்பவரின் கொலை வழக்கு. குற்றவாளி பிரபாகர மேனனுக்கு 7 வருஷ ஜெயில், அவர் மனைவி தேவகிக்கு 3 வருஷம்.

இதை இன்று ஒருவன் காப்பியடிக்கப் பார்க்கிறான் என்று வையுங்கள். தனுஷ்கோடிக்கு ரயிலே கிடையாது, 1964 புயலோடு போயிற்று. சரி, காரில் கொண்டுவரலாம் என்றால் பரமக்குடி தாண்டியதும் டோல்கேட், அங்கே கேமரா. தலையைக் கடலில் போடலாம் என்றால் எந்தக் கடலில்? பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் வடக்கே அலை குறைவாக இருப்பதைப் பெண்கடல் என்பார்கள், தெற்கே அலை அதிகமாக இருப்பது ஆண்கடல். தேவிபட்டினம் பெண்கடல் பக்கம்; அங்கே கடலுக்குள் நிற்கும் நவபாஷாணம் என்கிற நவக்கிரகக் கற்கள் வரை இறங்கிப் போகிற ஆழம்தான். அங்கே போட்டால் வலையிலோ காலிலோ தட்டுப்படும். விவரம் தெரிந்தவன் வேறு இடம் பார்ப்பான். ஆக, அவன் போட்ட இடத்தைப் பார்த்தே கரைக்காரனா வெளியூரானா என்று மீனவர்கள் சொல்லிவிடுவார்கள். பழைய கதையில் இல்லாத இடத்தில் அவன் தன் புத்தியைத்தான் போட்டாக வேண்டும். தனிப்படைக்கு வேண்டியதும் அந்த இடம்தான்.

வெளிநாட்டிலும் இதே கதைதான்; சில நேரம் தாமதமானாலும் அவனவன் தன் பழக்கத்தாலேயே மாட்டுவான். 1960-களில் கலிஃபோர்னியாவில் தொடர்கொலை செய்து கடிதம் எழுதிய ஸோடியாக் கொலைகாரனைப் பார்த்து, நியூயார்க்கில் 1990 வாக்கில் ஹெரிபெர்ட்டோ செடா என்பவன் ஆட்களைச் சுட்டு, போலீசுக்குக் கடிதமும் எழுதினான். பல வருஷம் அகப்படவில்லை. 1996-ல் வீட்டில் தங்கையைச் சுட்ட வழக்கில் பிடித்து வாக்குமூலம் எழுத வைத்தபோது, கையெழுத்தையும் அவன் போட்ட குறிகளையும் பார்த்த ஒரு துப்பறிவாளருக்குப் பழைய கடிதங்கள் ஞாபகம் வந்தன. கைரேகையும் பொருந்தியது. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் 2010-ல் பிடிபட்ட கொலைகாரன் ஸ்டீபன் கிரிஃபித்ஸ் இன்னும் ஒரு படி மேல். 19-ஆம் நூற்றாண்டுக் கொலைகளைப் பற்றி முனைவர் பட்ட ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவன். அத்தனை படித்தவன், தான் குடியிருந்த கட்டடத்தின் கேமராவிலேயே சிக்கினான்.

முதல் சிக்கல், இது காப்பி என்று கண்டுபிடிப்பது. கரையொதுங்கும் அடையாளம் தெரியாத உடலுக்கு வி.ஏ.ஓ. புகார் கொடுப்பார், சந்தேக மரணம் என்று எஃப்.ஐ.ஆர். விழும். தொண்டியில் ஒன்று, சாயல்குடியில் ஒன்று என்றால் இரண்டு ஸ்டேஷன், இரண்டு ஃபைல். இரண்டையும் ஒரே மேஜையில் வைத்துப் படிக்க ஒரு ஆள் வேண்டும்.

அடுத்தது கோர்ட். நேரில் பார்த்த சாட்சி இல்லாத வழக்கில் சந்தர்ப்ப சாட்சியங்களின் சங்கிலி அறுபடாமல் ஒவ்வொரு கண்ணியும் குற்றவாளியையே காட்ட வேண்டும் என்று சரத் பிர்திசந்த் சார்தா வழக்கில் (1984) உச்ச நீதிமன்றம் சொன்னதை வைத்துத்தான் நாங்கள் எல்லோரும் வாதாடுகிறோம். வழக்கமான கொலையில் நிலத்தகராறு, கடன், கள்ளத்தொடர்பு என்று ஒரு நோக்கம் கையில் இருக்கும். இவனுக்கும் செத்தவருக்கும் முன்பின் பழக்கமே இருக்காது. வீட்டில் கொலை வழக்குப் புத்தகங்கள் இருந்தன என்று அரசு வக்கீல் அடுக்கினால், எதிர்த்தரப்பில் நிற்கிற நான், ‘அதே புத்தகங்கள் என் அலமாரியிலும் இருக்கின்றன, ஐயா’ என்பேன். கைரேகையோ டிஎன்ஏவோ இல்லாவிட்டால் அதற்கு அவரிடம் பதில் இருக்காது.