கடலுக்குள்ள ஓடுற நல்ல தண்ணிய போர் போட்டு எடுக்கலாமா?

கன்னியாகுமரி மாவட்டம் ராஜாக்கமங்கலம் பக்கத்துல இருந்து ஒரு அண்ணன் கேட்டிருக்காரு. கடல் இறங்குற நேரம் அவரு தோப்புக்கு நேரா ஒரு இடத்துல மட்டும் மணலுக்குள்ள இருந்து தண்ணி கசிஞ்சு ஓடுதாம், ஒரு அடி தோண்டி வாயில வச்சா உப்பே தெரியலையாம், ஆனா அங்க மண்ணு துரு கலர்ல கெடக்கு, பக்கத்து பாறை பூரா பச்சைப் பாசி. "சும்மா கடலுக்கு போற தண்ணிதானே, ஒரு போர் எறக்கி தென்னைக்கு பாய்ச்சட்டுமா?"

வேண்டாம்ணே.

அது சும்மா போற தண்ணி இல்ல, உங்க கிணத்துக்கு காவல் நிக்குற தண்ணி. நல்ல தண்ணி லேசு, கடல் தண்ணி கனம், அதனால கரைக்கு அடியில ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணாத்தான் இருக்கு. கணக்கு என்னன்னா கடல் மட்டத்துக்கு மேல நிலத்தடி தண்ணி 1 அடி நின்னா அதுக்கு கீழ சுமாரா 40 அடி வரைக்கும் நல்ல தண்ணி இருக்கும், இத 1900-ஐ ஒட்டி கைபன், ஹெர்ஸ்பெர்க்னு ரெண்டு பேரு தனித்தனியா கண்டுபிடிச்சாங்க. இதையே திருப்பிப் போட்டு பாருங்க, மோட்டார் ஓட்டி 1 அடி எறக்கிட்டா உப்பு 40 அடி மேல வரப் பாக்கும், அதுவும் போருக்கு நேர் கீழ கூம்பு மாதிரி ஏறி வரும். உடனே தெரியாது, அங்கதான் ஏமாந்துருவோம். ரெண்டு மூணு வருஷம் நல்லா ஓடிட்டு பிறகு ஒரு பங்குனில கரிக்க ஆரம்பிச்சா, போர மூடினாலும் மறுபடி நல்லதாக பல மழை ஆகும், அதுக்குள்ள பக்கத்து வீட்டுக்காரர் கிணறும் போயிருக்கும். போதாததுக்கு, கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிப்படி அலை ஏறுற கோட்டுல இருந்து 200 மீட்டருக்குள்ள தண்ணி எடுக்க கட்டுப்பாடும் இருக்கு, அங்க குடியிருக்குறவங்க சொந்த தேவைக்கு மட்டும்தான் விலக்கு. தேவைன்னா தோப்போட மேல் பக்கத்துல ஆழம் கம்மியா ஒரு உறைக்கிணறு வச்சு கொஞ்சம் கொஞ்சமா எறைங்க.

துரு கலர் எப்படின்னா, மண்ணுக்கு அடியில காத்து படாத தண்ணில இரும்பு கரைஞ்சே வரும், வெளிய வந்து ஆக்சிஜன் பட்டதும் துருவா படிஞ்சுரும். அந்தத் துரு பாஸ்பேட்டையும் பிடிச்சு வச்சுக்கும். ஆனா நைட்ரேட்ட அதால பிடிக்க முடியாது, அது கடல் வரைக்கும் போயிரலாம், நீங்க தென்னைக்கு போடுற யூரியாவும் பக்கத்து வீடுகளோட செப்டிக் டேங்குகளும் தான் அதுக்கு முக்கிய காரணமா இருக்கும். கடல்ல பாசிக்கு பொதுவா பத்தாம இருக்குறது நைட்ரஜன் தான், அது கரையிலயே கிடைச்சா விடுமா? அளவா போனா நல்லதுதான், கூடவே போற சிலிக்காவ தின்னு வளர்ற நுண்பாசிய நம்பித்தான் சாளை (மத்தி) மீன் கூட்டமே இருக்கு. அளவு மீறினா பாசி மண்டி, ராத்திரி ஆக்சிஜன உறிஞ்சி, செத்து அழுகி நாறும். செம்மண்ணு வழியா வர்ற தண்ணி புளிப்பாவும் இருக்கலாம், அது ஓடு கட்டுற சிப்பிக்கு ஆகாது, ஆனா திறந்த கடல்ல அலை அடிச்சு கலக்கிருது, பொழி (ஆறு கடல்ல சேர்ற வாய்) மாதிரி அடைஞ்சு கெடக்குற இடத்துலதான் இதெல்லாம் பெரிசா தெரியும்.

மணவாளக்குறிச்சி மணல்ல தோரியம் இருக்கே, கசிவுல கதிர்வீச்சு வருமானு அடுத்து கேப்பீங்க. தோரியத்துல இருந்து பிறக்குற ரேடியம் நல்ல தண்ணில மணல ஒட்டிக்கிட்டே இருக்கும், உப்பு பட்டதும் விட்டுட்டு கரைஞ்சுரும், உலகம் பூரா விஞ்ஞானிங்க கடலுக்கு அடியில எவ்வளவு தண்ணி கசியுதுன்னு கணக்கு போட முக்கியமா அளக்குறது இந்த ரேடியத்தையும் ரேடான் வாயுவையும்தான். ரேடான் 3.8 நாள்ல பாதியாயிரும். கடல்ல இது ரொம்ப நேரம் ஒரே இடத்துல நிக்குறதில்ல, அதனால குளிக்குறதுக்கு பயந்து ஓட வேண்டாம்.

நீங்க பயப்பட வேண்டியது வீட்டுக் கிணத்துக்குத்தான். குடிநீர் வடிகால் வாரியத்தோட லேப்ல குளோரைடும் நைட்ரேட்டும் பாத்துருங்க, நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராம் தாண்டினா கைக்குழந்தைக்கு பால் கலக்க அந்தத் தண்ணி ஆகாது, கொதிக்க வச்சா போகாது, இன்னும் கெட்டியாகத்தான் செய்யும். டிடிஎஸ் மீட்டர் (தண்ணில கரைஞ்ச உப்ப அளக்குறது) ஒண்ணு வாங்கி கிணத்துலயும் அந்த ஊத்துலயும் மாசம் ஒருக்கா, கடல் இறங்குன நேரமா பாத்து, எண்ண எழுதி வைங்க. கடல்ல முக்கிப் பாக்காதீங்க, அது 35,000 கிட்ட வரும், விலை கம்மி மீட்டர் அதுக்கு தாங்காது. ஐப்பசி மழைல ஒரு எண்ணு, பங்குனில ஒரு எண்ணு வரும். ஒவ்வொரு பங்குனியும் முந்தின பங்குனிய விட ஏறுதுன்னா கடல் உள்ள வருது, அன்னைக்கே மோட்டார் நேரத்த பாதியா குறைங்க.